நிறமிழந்த நாற்றும் ஒட்டுக்கட்டையும்

விழா மலரொன்றிலே கள்ளிச் செடியைப் பற்றி எழுதப் புகுவாரை அன்பர்கள் சற்று வியப்புடன் நோக்குதல் கூடும். முற்றத்தில் மல்லிகையும் செவ்வந்தியும் நடுவாரையன்றிக் கள்ளியை விரும்பி நடுவாரை எம்மவருள் முன்னர்க் காண்டல் அரிது. ஆயினும், இன்று யாழ்ப்பாணத்து விறாந்தைகள் பலவற்றிலே சிறு பூச்சாடிகளிற் கள்ளிகள் வளர்கின்றன. பச்சை நிறக் காம்பொன்றின் மீது குருதிச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஓர் உருண்டை அமர்ந்திருக்கும் செடியைக் கண்டிராதார் சிலரே. அவ்வுருண்டை பூவன்று, பழமுமன்று. தனித்து வாழும் ஆற்றலின்றிப் பிறந்து, மற்றொரு செடியின் தோளிலே ஏற்றப்பட்டு உயிர் பிழைத்த நாற்று அது. அதனைப் பிழைப்பிக்கும் முறையையும் அம்முறையின் அடிப்படையையும் ஈண்டு விளக்கக் கருதுகின்றோம்.

முதலிற் பெயர் பற்றிய மயக்கமொன்றை நீக்குதல் வேண்டும். கள்ளி என்னும் சொல்லால் எம்மவர் இருவேறு குலங்களைக் குறிப்பர். வேலியோரத்துச் சதுரக்கள்ளியும் கொம்புக்கள்ளியும் கீறியவுடன் பால் வடிப்பவை. அவை ஆமணக்கின் உறவான இயூபோபியேசியே குடும்பத்தைச் சார்ந்தவை. மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணத்து உவர் நிலங்களிலும் பரந்துள்ள நாகதாளியோ பால் வடியாத கக்டேசியே குடும்பத்தது. இக்குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். மனிதர் கொண்டு வராமலே பழைய உலகிற் காணப்படும் இனம் ஒன்றேயொன்று. ஈர வனங்களின் மரக்கிளைகளிலே முள்ளின்றித் தொங்கும் ரிப்சாலிஸ் என்னும் அவ்வினம் எமது இலங்கையிலும் உண்டு. இக்கட்டுரையிற் கள்ளி என யாம் கூறுவதெல்லாம் கக்டேசியே குடும்பத்துச் செடிகளையே. இவ்வேறுபாடு வெறும் பெயராராய்ச்சியன்று. கக்டேசியே நாற்றைச் சதுரக்கள்ளி மீது ஒட்டுவோர் எத்துணைத் திறமையுடையவராயினும் தோல்வியே காண்பர். ஒட்டுக்கு உறவு வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கண்டியிலுள்ள நண்பரொருவர் தம் செடியிற் பழுத்த காயொன்றின் விதைகளை எமக்கு அளித்தார். தாய்ச்செடி ஜிம்னோகலீசியம் என்னும் இனத்தது. அதன் உடலிற் பச்சையும் செம்மையும் கலந்திருந்தன. தை மாதத்திலே, குறுணி மணலும் சலித்த இலைமக்கும் கலந்த சாடியிற் சுமார் நாற்பது விதைகளைத் தூவி, மேலே கண்ணாடித் துண்டொன்றை வைத்தோம். பத்து நாட்களுள் பெரும்பாலானவை கடுகளவு பச்சை மணிகளாக முளைத்தெழுந்தன. அவற்றிடையே மூன்று மட்டும் மாதுளை முத்துக்களைப் போன்று சிவந்திருந்தன. இக்கல்லூரியிலே பயிலும் எம் பேரன் அவற்றைக் குனிந்து நோக்கி, “அம்மப்பா, இவை மூன்றும் நோயாளிகள் போலும். மற்றவற்றுக்குத் தொற்றுமுன் பிடுங்கி எறிந்துவிடட்டுமா?” என்று வினவினான். வினா நியாயமானதே. அவை நோயாளிகள் அல்ல. ஆயினும், விட்டுவிடின் சில வாரங்களுள் இறந்துபடுவது உறுதி.

அதன் காரணம் யாதெனிற் கூறுதும். செடியின் பசிய நிறம் பச்சையம் என்னும் பொருளால் உண்டாவது. அதுவே ஞாயிற்றின் ஒளியைக் கவர்ந்து, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் நீரையும் கொண்டு வெல்லம் சமைப்பது. பச்சையம் அற்ற நாற்றுக்கு அடுக்களை இல்லை. தாய்ச்செடி விதையினுள்ளே கட்டிக் கொடுத்த சிறு பொதிசோறு தீரும் வரையே அது வாழும். கள்ளி விதையோ மிக நுண்ணியது. அப்பொதிசோறும் மிகச் சிறியது. நாற்று நிமிர்ந்து நிற்கும். முதல் முட்களையும் தோற்றுவிக்கும். பின்னர் வளர்ச்சி நின்று, சுருங்கி, ஒரு நாட்காலையிற் காணாமற்போகும்.

அங்ஙனமாயின் செந்நிறம் எங்கிருந்து வந்தது? பச்சையத்தின் அடியிலே மறைந்திருந்த வேறு நிறப்பொருள்களே பச்சையம் ஒழிந்தவிடத்து வெளிப்படுகின்றன. பெரும்பாலான பூக்களைச் சிவக்கச் செய்யும் அந்தோசயனின் கள்ளிக் குடும்பத்தில் இல்லை. அதனிடத்தைப் பெற்றிருப்பது பீற்றாலைன் என்னும் வகுப்பு. பீற்றூட் கிழங்கை அரியும்போது கையிற் படியும் சாயமும் இதுவே. இவ்வகுப்பிலே செம்மை தருவன ஒரு பிரிவு. மஞ்சள் தருவன மற்றொரு பிரிவு.

இத்தகைய நாற்றைப் பிழைப்பித்தோரில் உலகறிந்தவர் யப்பானிய நாற்றுப்பண்ணையாளர் எயிஜி வத்தனபே என்பார். 1941 ஆம் ஆண்டிலே, பராகுவே நாட்டைத் தாயகமாகக் கொண்ட ஜிம்னோகலீசியம் மிகனோவிச்சியை என்னும் இனத்தின் விதைகளை அவர் பத்தாயிரம் வரையில் விதைத்தார் என்பர். அத்துணை நாற்றுக்களிடையே இரண்டு மட்டும் செம்மை தோய்ந்து நின்றன. அவற்றைக் களைந்தெறியாது வேறொரு கள்ளி மீது ஒட்டினார். ஒட்டிய நாற்று வளர்ந்து பக்கக் குருத்துக்களை ஈன்றது. முற்றிலும் சிவந்த குருத்துக்களைத் தெரிந்து மீண்டும் மீண்டும் ஒட்டினார். 1948 அளவிலே முழுச்சிவப்பான செடி ‘ஹிபோத்தான்’ என்னும் பெயர் பெற்றது. செந்நிறப் பியோனிப் பூ என்பது அதன் பொருள். இன்று யப்பானிலும், அதனினும் மிகுதியாகத் தென்கொரியாவிலும் இவ்வகை ஒட்டுக்கள் பெருந்தொகையாக உண்டாக்கப்பட்டு நாடுகள் பலவற்றுக்கும் அனுப்பப்படுகின்றன. நம் விறாந்தையிலுள்ள செவ்வுருண்டையும் அன்று எறியப்படாத நாற்றின் வழிவந்ததாகவே இருத்தல் கூடும்.

நோயறிதல்

கத்தியை எடுக்குமுன் காரணத்தை ஆராய்தல் வைத்தியனுக்கும் தோட்டக்காரனுக்கும் பொதுவான விதி. நிறம் மாறிய நாற்றெல்லாம் ஒட்டுக்கு உரியதன்று.

பச்சையாக முளைத்த நாற்று, கடும் வெயிலுக்கு வந்தபின் செம்மையோ கபிலமோ அடையுமாயின், அது ஒளியின் மிகுதியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது என அறிக. மெல்லிய நிழலுக்கு மாற்றினாற் சில வாரங்களிற் பச்சை மீளும். நாற்று வெளிறி, நூல்போல் நீண்டு சாயுமாயின் அதற்கு வேண்டுவது ஒளியே.

நாற்று மெல்ல மஞ்சளித்து வளர்ச்சி குன்றுமாயின் நீரை ஐயுறுதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல் நிலத்தில் அமைந்தவை. அந்நீர் வன்மையும் காரத்தன்மையும் உடையது. தொடர்ந்து அதனையே வார்த்தால் மண்ணின் காரம் ஏறி, இரும்புச்சத்து மண்ணிலே இருந்தும் வேருக்கு எட்டாதாகின்றது. இரும்பின்றிப் பச்சையம் உருவாகாது. மாரி மழைநீரைத் தாழியிற் சேமித்து வார்ப்பதே இதற்கு எளிய மருந்து. எம் நாற்றுக்கள் பலவற்றை மழைநீரே மீட்டது.

நாற்றின் அடி கண்ணாடிபோல் ஊறி, கபிலமாகிச் சாய்வது பூஞ்சண நோய். ஈரம் மிகுந்து காற்றோட்டம் குன்றியவிடத்து இது ஒரே இரவிற் சாடி முழுவதும் பரவும். இங்கே ஒட்டு ஓர் அவசர சிகிச்சை. அழுகாத மேற்பகுதியை உடனே அறுத்தெடுத்து ஒட்டினாற் பிழைக்கும். ஆனால், வெட்டுமுகத்திலே கபிலப் புள்ளியொன்றேனும் தென்படுமாயின், அது மறையும் வரை மேலும் மேலும் சீவுதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் அலகைத் துடைத்தலும் வேண்டும்.

இவையொன்றுமின்றி, முளைத்த நாளிலிருந்தே உடல் முழுவதும் சிவப்பாகவோ மஞ்சளாகவோ வெண்மையாகவோ உள்ள நாற்றுக்கு நிழலும் மழைநீரும் பயனளியா. அதற்கு ஒட்டொன்றே வழி.

ஒட்டின் அடிப்படை

கறுத்தக்கொழும்பான் ஒட்டுமாங்கன்றை அறியாதார் எம்மிடையே இலர். நாட்டுமாவின் வேரிலே நல்லினத்தின் கிளை வாழ்கின்றது. கள்ளியின் ஒட்டும் அதே நியதியினதே. வேருடன் நின்று தாங்குவது ஒட்டுக்கட்டை. அதன் மேல் வைக்கப்படுவது ஒட்டுமுளை. கள்ளியின் தண்டைக் குறுக்காக வெட்டினால், நடுவே வட்டமொன்று தோன்றும். நீரை மேலேற்றும் காழும் உணவைக் கொண்டு செல்லும் உரியமும் அவற்றிடையே புதுக் கலங்களைப் பெருக்கும் மாறிழையமும் அவ்வட்டத்தில் உள்ளன. கட்டையின் வட்டமும் முளையின் வட்டமும் ஓரிடத்திலேனும் ஒன்றையொன்று தொடுதல் வேண்டும். தொட்டவிடத்திலே புதுக் கலங்கள் தோன்றி இரு குழாய்களையும் இணைக்கும். தொடாவிடின், வெளித்தோல் எத்துணை அழகாகப் பொருந்தினும் பயனில்லை.

ஒட்டுக்கட்டையைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இப்பொழுது எம் வளவுகளிற் பழத்துக்காக வளர்க்கப்படும் டிராகன் பழக்கொடி, முப்பட்டைத் தண்டுடைய ஏறுகள்ளியே. வாணிபத்துக்குரிய செவ்வுருண்டைகளும் இவ்வினத்தின் மீதே பெரும்பாலும் ஒட்டப்படுகின்றன. குளிரை அது பொறாது. எமது நாட்டின் வெம்மையிலோ செழித்து வளரும். சாணளவு தண்டை வெட்டி, ஒரு வாரம் நிழலிற் புண் ஆறவிட்டு மணலில் நட்டால், ஒரு மாத அளவில் வேரூன்றும். மிகச் சிறிய நாற்றுக்கு ஏற்றது மெக்சிக்கோ நாட்டுப் பெரெஸ்கியொப்சிஸ். மெல்லிய தண்டும் இலைகளும் உடைய அக்கள்ளியின் வட்டமும் சிறிதாதலின், முளைத்துச் சில வாரங்களேயான நாற்றும் அதன் மீது பொருந்தும். நாகதாளியும் கட்டையாக உதவும். எனினும், பஞ்சு போன்ற அதன் நுண்முட்கள் தோலிற் புகுந்து பல நாள் வருத்துமாதலின் எச்சரிக்கை வேண்டும். வளவு மண்ணில் அதனைப் பரவ விடுதலும் தகாது.

செய்முறை

மழையும் மந்தாரமும் இல்லாத, கட்டை தளிர்த்து வளரும் காலத்தைத் தெரிக. முதல் நாள் கட்டைக்கு நீர் வார்த்து, அதன் உடல் நிறைந்திருக்கச் செய்க. புதிய சவர அலகொன்றை மதுசாரத்தாற் துடைத்துக்கொள்க, கைகளையும் கழுவுக.

கட்டையை அதன் இளம் பகுதியிலே மட்டமாக வெட்டுக. முதிர்ந்த பகுதியில் நடுத்தண்டு மரமாகியிருக்கும். அங்கே ஒட்டு பற்றாது. பின்னர், மூன்று பட்டைகளின் விளிம்பையும் சாய்வாகச் சீவிவிடுக. வெட்டுமுகம் உலரும்போது நடுப்பகுதி தாழ்ந்து தடித்த தோல் உயர்ந்து நிற்கும். சீவாவிடின் அது முளையை மேலே தூக்கி இணைப்பைப் பிரித்துவிடும். இனி, வெட்டுமுகத்தின் மேல் மெல்லிய வில்லையொன்றை அரிந்து, அதனை எடுத்துவிடாது அங்கேயே மூடியாக இருக்க விடுக. முளையை ஆயத்தஞ் செய்யும் வரை அது முகத்தை உலராது காக்கும்.

நாற்றை ஈரமான ஊசிமுனையாற் கிளப்பி, வேருக்குச் சற்று மேலே, உடல் பருக்கத் தொடங்குமிடத்தில் ஒரே வீச்சில் வெட்டுக. அறுத்தல் கூடாது, நசுங்கிய கலங்கள் இணையா. வெட்டுமுகத்தின் நடுவே தோன்றும் சிறு புள்ளியே அதன் வட்டம். கட்டையின் மூடிவில்லையை வழுக்கி நீக்கிவிட்டு, நாற்றை அங்கே வைத்து, காற்றுக் குமிழிகள் வெளியேறும்படி மெல்ல ஒருமுறை நகர்த்துக. நினைவிற் கொள்ளவேண்டுவது, நாற்றின் புள்ளி கட்டையின் வட்டக்கோட்டின் மீது அமைதல் வேண்டும், கட்டையின் நடுமையத்திலன்று.

பெரிய முளையாயின், இரு றப்பர் வளையங்களைச் சாடியின் அடியைச் சுற்றிச் சிலுவையாக மாட்டுக. கடுகளவு நாற்றுக்கு அப்பாரம் ஆகாது. சில நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தால் அதன் வழவழப்பான சாறே பசையாகும். பின்னர்ச் சாடியைப் பொலித்தீன் உறையால் மூடி வெளிச்சமுள்ள நிழலில் ஒரு வாரம் வைக்க. வெட்டுமுகத்தில் ஒரு துளி நீரும் படலாகாது. உறையைச் சிறிது சிறிதாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குக. இரண்டாம் வாரத்திலே நாற்று பருத்து, உச்சியிற் புதுமுள் அரும்புமாயின் ஒட்டு பற்றியது என மகிழலாம். சுருங்கி, ஓரத்தில் இடைவெளி தோன்றுமாயின், இருவரையும் மெல்லியதாகச் சீவி உடனே மறுமுறை முயல்க.

எம் மூன்று நாற்றுக்கள்

இவ்விதிகளை யாம் நூலளவிற் கற்றே தொடங்கினோம். எனினும் முதல் நாற்றைக் கட்டையின் நடுவே வைத்துவிட்டோம். நடுவே வைப்பதுதான் பார்வைக்கு ஒழுங்காக இருந்தது. ஐந்தாம் நாள் அது உலர்ந்த மிளகாய் விதை போலாயிற்று. இரண்டாவது நன்றாகப் பற்றியது. ஆனால், பத்தாம் நாள் மற்றச் சாடிகளுக்கு நீர் தெளித்தபோது சில துளிகள் இணைப்பிலே தங்கின. மறுநாட் காலையில் முளையும் கட்டையின் தலையும் சேர்ந்து அழுகியிருந்தன. எஞ்சியது ஒன்றே. அதனையும் இழந்துவிடுவோம் என்னும் அச்சத்தால் ஒரு வாரம் கத்தியைத் தொடவில்லை. அதற்குள் அந்நாற்றும் சுருங்கத் தொடங்கிற்று. பொதிசோறு தீர்ந்துவிட்டது என்பது விளங்கியது.

மூன்றாம் முறை வெட்டியது எம் கையன்று. நடுக்கமில்லாத பேரனின் கை. வட்டக்கோட்டைக் காட்டுவதற்கு மட்டும் எம் கண்ணாடி உதவிற்று. பன்னிரண்டாம் நாள் அவன் பள்ளிக்குச் செல்லுமுன் ஓடிவந்து, “அம்மப்பா, முள் வந்துவிட்டது” என்றான். இன்று அச்செடி எலுமிச்சையளவு பருத்து நான்கு குருத்துக்களையும் ஈன்றிருக்கின்றது. எறிந்துவிடலாமா என வினவியவனே இப்பொழுது அதற்குக் காவலன்.

ஒட்டின் எல்லை

ஒட்டைப் புகழ்வதோடு அதன் எல்லையையும் கூறுதல் கடன். ஒட்டினால் முளையின் குலம் மாறாது. பச்சையமற்றது பச்சையமற்றதாகவே இருக்கும். ஆதலின் கட்டை தன் பசிய உடலாற் சமைத்த உணவிலே இருவரும் உண்கின்றனர். கட்டையை மிகக் குறுக வெட்டுதல், அதனை நிழலிலே அடைத்து வைத்தல் ஆகியவற்றால் இருவரும் மெலிவர். கட்டையிற் பக்கத்தளிர் தோன்றினாற் கிள்ளிவிடுக. இல்லையேல் உணவு அங்கே செல்லும். டிராகன் பழக்கொடியின் மீதான ஒட்டு பொதுவாகச் சில ஆண்டுகளே நிலைக்கும். கட்டை தளர்வதற்குமுன் முளையின் குருத்தைப் புதுக்கட்டைக்கு மாற்றாவிடின் ஈரிழப்பு நேரும்.

பச்சையமுடைய, ஆயினும் நலிந்த நாற்றின் நிலை வேறு. அதற்கு ஒட்டு தற்காலிக உதவியே. விரைந்து பருத்தபின், கட்டையிலிருந்து வெட்டிப் புண் ஆறவிட்டு மணலில் நட்டால் தன் வேரிலே தானே நிற்கும். அங்ஙனம் நிறுத்துதலே நன்று. நெடுநாள் ஒட்டிலிருந்த செடி மிகையாக வீங்கி, தன் இனத்துக்குரிய இறுகிய வடிவத்தை இழத்தலுண்டு. ஆனால் முழுச்சிவப்பு நாற்றை ஒருபோதும் பிரித்தலாகாது. சிலர் அறியாமையால் அதனைத் தனியே நட்டு, வேர் வரும் என நாள் எண்ணுவர். வேர் வரினும் சோறு வராது.

“இயற்கை கழிக்கும் நாற்றை மனிதன் ஏன் காத்தல் வேண்டும்?” என வினவுவாரும் உளர். அழகு ஒன்றே விடையாயின் யாம் இத்துணை வற்புறுத்தோம். 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடொன்று, ஆராயப்பட்ட கள்ளியினங்களுள் நூற்றுக்கு 31 பங்கு அழிவபாயத்தை எதிர்நோக்குவதாகக் கண்டது. நிலம் பண்படுத்தப்படுதலும், காட்டிலிருந்து செடிகள் களவாகப் பிடுங்கப்படுதலும் அதன் காரணங்களுட் சில. அரியாகார்ப்பஸ் போன்ற மெக்சிக்கோ நாட்டு அரிய கள்ளிகள் தம் வேரிலே பூக்கப் பல ஆண்டுகள் செல்லும். ஒட்டுக்கட்டை மீது அக்காலம் பெரிதும் குறுகும். பூத்தால் விதை கிடைக்கும். விதை மலிந்தாற் காட்டுச் செடியைக் களவாடுவார்க்கு ஊதியம் குறையும். கைப்பிடி விதையே எஞ்சியுள்ள இனத்துக்கு ஒவ்வொரு நலிந்த நாற்றும் ஒரு சொத்து.

யாம் இக்கல்லூரியிலே பயின்ற காலத்து, ஒட்டுமாங்கன்று கட்டக் கற்பித்த ஆசிரியர் ஒருவர், கட்டிய கன்றுகளைக் காட்டாது கட்டையாக நின்ற நாட்டுமாக்களையே முதலில் எமக்குக் காட்டுவார். பழத்தைப் புகழ்வோர் கட்டையின் பெயரைக் கேளார் என்பது அவர் குறை. வகுப்பிற் பின்தங்கிய எம்போல்வார் சிலரைத் தம் இல்லத்து விறாந்தையில் மாலை தோறும் இருத்திக் கற்பித்தவரும் அவரே. அவர் பொருட்டுச் செம்முளையொன்றைக் கல்லூரித் தோட்டத்துக்கு இவ்விழா ஆண்டில் அளிக்க எண்ணியுள்ளோம். மாணவர்கள் அதன் சிவந்த தலையைக் கண்டு மகிழ்க. கீழே நிற்கும் பச்சைக் கட்டைக்கு மழைநீர் வார்க்கவும் மறவாதிருப்பாராக.